மல்காபுரச் சாசனமும் மகப்பேற்றுச் சாலையும்

உயிர்கள் அநாதியே ஆணவமலத்தான் மறைப்புண்டு கிடப்பன. அவை தத்தம் வினைகளை நுகர்ந்து மலபரிபாகம் எய்துதற்பொருட்டு, இறைவன் தனு கரண புவன போகங்களைத் தந்தருளுகின்றான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. அவற்றுள் முதற்கண் வைத்து எண்ணப்படும் தனுவாகிய மானுடவுடம்பு உருவாகும் இடம் தாய்வயிறேயாம். ஆகலின், கருவுற்றாளைப் பேணுதல் ஓருயிர் உய்தற்குரிய வாயிலைப் பேணுதலாய் முடியும். இங்ஙனமாகவும், பிறவியைப் பிணியென்று நூல்கள் கூறுதலை மேற்கொண்டு, சைவத் துறவோர் மகப்பேற்றினை இழிவாகக் கருதினர் என்பாரும், சூதகத்தைக் காரணமாகக் காட்டி ஈன்றாளைப் புறக்கணிப்பாரும் உளர். அவர் கொள்கை பொருந்தாமையைச் சைவாசாரியர் ஒருவர்தம் செயலே இனிது காட்டும்.

ஆந்திரநாட்டுக் குண்டூர்ப் பகுதியிற் கிருஷ்ணையாற்றின் தென்பாலுள்ளது மல்காபுரம். ஆண்டுள்ள கற்றூணிற் பொறிக்கப்பட்ட சாசனம் சகம் 1183, அஃதாவது கி. பி. 1261ஆம் ஆண்டிற்குரியது. காகதீய வேந்தனாகிய கணபதிதேவன், தன் தீக்ஷாகுருவாகிய விசுவேசுவரசம்புவுக்கு மந்தரம் என்னும் ஊரை வாக்கினால் அளித்தனன். அவன் புதல்வியாராய் அரசுபுரிந்த உருத்திரமாதேவியார் அதனை வெலகபூடி என்னும் ஊரொடு சேர்த்துச் சாசனஞ்செய்து கொடுத்தனர். மந்தரம் இந்நாளில் மந்தடம் என வழங்கும்.

விசுவேசுவரசம்பு கௌடதேயத்துத் தென்னிராட நாட்டினர். கோளகிமடத்துச் சந்தானத்தில் வந்தவர். அம்மடம், கங்கைக்கும் நருமதைக்கும் இடைப்பட்ட தாகள நாட்டிற் சத்பாவசம்பு என்பாரால், கலசூரி மன்னன் யுவராசன் ஈந்த ஊர்களைக்கொண்டு நிறுவப்பட்டது. சைவக்கிரியைகட்குப் பெரும்பத்ததி இயற்றிய சோமசம்பு சிவாசாரியரும் அம்மரபினரே. கோளகி சந்தானத்தார் தமிழ்நாட்டிலும் பரவியிருந்தமை இந்நாட்டுத் திருக்கோயிற் கல்வெட்டுக்களாற் பெறப்படும்.

இவ்வாசாரியர் தாம் பெற்ற ஊரிற் சிவாலயமும், சுத்தசைவ மடமும், வேதாகமங்களும் பிற கலைகளும் பயிற்றும் கல்விச்சாலையும் அமைத்தனர். பின்னர் அறங்களுக்கென நின்ற நிலத்தை மூன்று கூறாக்கினர். ஒரு கூறு இறைவற்கு; ஒரு கூறு மாணாக்கர்க்கும் மடத்தார்க்கும்; மற்றொரு கூறு பிரசூதிசாலை, ஆரோக்கியசாலை, அன்னசத்திரம் என்பவற்றிற்கு. மருத்துவன் ஒருவனும் நியமிக்கப்பட்டனன். நோயாளர்க்கு அமைந்த சாலையுள் மகப்பேற்றையும் அடக்கிவிடாது, அதனைத் தனியே பெயர்சுட்டி வைத்தமை ஈண்டு உற்றுநோக்கற்பாலது. கருவுயிர்த்தல் நோயன்று, ஆயினும் நோயினும் மிக்க காவலை வேண்டுவது என்பது அவர் கருத்தாதல் தெளிவு.

அச்சாலையில் வழங்கிய மருந்துகளைச் சாசனம் விரித்திலது. எனினும், பாரதநாட்டு மருத்துவர் நெடுங்காலம் போற்றிவந்த சரகசங்கிதை, சாரீரத்தானத்து எட்டாம் அத்தியாயத்தில், இத்துறையை முறைப்பட வகுத்துரைக்கின்றது. முதற்றிங்களிற் பால், இரண்டாவதில் இன்சுவை மூலிகைகளிட்டுக் காய்ச்சிய பால், மூன்றாவதில் தேனும் நெய்யும் கலந்த பால், ஒன்பதாவதில் இன்சுவை மூலிகைகளாற் காய்ச்சிய எண்ணெய்ப்பிரயோகம் என்று அந்நூல் விதிக்கும். ஈனுதற்குரிய இல்லை வில்வம், மாவிலிங்கம், கருங்காலி முதலிய மரங்களுள் ஒன்றாற் சமைத்து, நெய், எண்ணெய், திப்பிலி, சுக்கு, வாய்விடங்கம், தேவதாரு முதலியவற்றை முன்னரே ஈட்டிவைக்க என்றும், பலகால் ஈன்று பழகிய அன்புடைய மகளிர் உடனிருக்க என்றும் கூறும். ஈன்றபின், திப்பிலி, திப்பிலிமூலம், செவ்வியம், கொடிவேலி, சுக்கு என்னும் ஐந்தன் பொடியை நெய் முதலியவற்றொடு ஊட்டி, வயிற்றில் நெய்யும் எண்ணெயும் பூசித் துணியாற் சுற்றி, அது செரித்தபின் கஞ்சி கொடுக்க என்பது அதன் விதி.

இம்முறையின் நுட்பம் காலவரையறையிலே உளது. கொடிவேலிவேர் கருவைச் சிதைக்கும் ஆற்றலுடையது; அதனாற் கருப்பகாலத்து அது கொடிய நஞ்சேயாம். அந்நூலோ கருவுற்றாட்குப் பாலும் நெய்யும் இன்சுவைப் பொருளுமே மாதந்தோறும் வகுத்து, காரமிக்க அவ்வேரை ஈன்றபின்னரே ஐந்தனுள் ஒன்றாகச் சேர்த்தது. பச்சிலையாயின் யாதும் தீதின்று என்று எண்ணி, அறிந்தார் துணையின்றிக் கருவுற்றார்க்கு மருந்தூட்டுவோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். கற்ற மருத்துவனொருவனை ஆசாரியர் நியமித்த பெருமையும் இதனான் விளங்கும்.

தமிழ்நாட்டிலும், பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, பதினைவர் நோயாளர் கிடத்தற்குரிய ஆதுலசாலையையும், ஆண்டு நோயாளரைப் பேணிய மகளிர் இருவரையும், தசமூல அரீதகி, வில்வாதி கிருதம் முதலிய மருந்துகளையும் குறிக்கின்றது. மகப்பேற்றிற்கெனத் தனிச்சாலை அதன்கட் கூறப்படவில்லை. அக்குறையை நிரப்பும் சான்றாக நிற்பது மல்காபுரச் சாசனம்.

இனி, துறவாசாரியர்க்கு இத்தொண்டு எங்ஙனம் இயைந்தது எனின், கூறுதும். சிவாக்கினி வளர்க்குங்கால், வாகீசுவரியின் கருப்பத்தில் அக்கினியை வைத்து, கருப்பாதானம், பும்சவனம், சீமந்தம், சாதகன்மம் என்பவற்றைச் செய்தல் பத்ததி நெறி. நிருவாணதீக்கையினும், மாணாக்கன் ஆன்மாவை வாகீசுவரியின் கருப்பத்திற் சேர்த்து, எஞ்சிய பிறவிகளை ஒருங்கே முடிப்பர். குண்டத்திலே கருப்பத்தை வழிபட்ட கை, ஊரிலே கருவுற்றாளைக் காத்தற்கு நாணுமோ? கிரியையிற் பாவித்ததனை உலகிற் செய்து காட்டினார் விசுவேசுவரசம்பு.

சிராப்பள்ளியிற் பெருமான், வெள்ளத்தால் தாய் வரப்பெறாது வருந்திய இரத்தினாவதிக்கு அத்தாயின் வடிவொடு வந்து மகப்பேறு பார்த்துத் தாயுமானவர் எனப்பெற்றமை யாவரும் அறிந்ததே. ஆசாரியன் சிவனது இடத்தில் நிற்பவன் என்பர். ஆயின், அவன் ஏற்கும் பணிகளுள் இதுவும் ஒன்றாதல் முறையேயாம். திருக்கோயிலுக்கும் மடத்திற்கும் பொருள் வழங்கும் சைவச்செல்வர், அம்மூன்றாங் கூற்றினை மறவாதிருப்பாராக.

திருச்சிற்றம்பலம்.