சேலம், நாமக்கல் சமவெளியில் வெண்பன்றி வளர்ப்பு: இனமும் தீவனப் புரதமும்

தமிழகத்து நாட்டுப் பன்றி நெடுங்காலம் தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கப்பட்ட கால்நடை அன்று. ஊர்ப்புறத்தில் அவிழ்த்துவிடப்பட்டு, கிடைத்ததைத் தின்று வளர்ந்தது. கொட்டிலில் அடைத்து வளர்க்கும் வெண்பன்றி வந்த பின்னரே இனம், புரதம் ஆகிய இரண்டும் வளர்ப்போரின் கணக்கில் சேர்ந்தன.

இனம்

வெண்பன்றி எனப்படும் பெரிய வெள்ளை யார்க்சயர் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் உருவாகி, 1868இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. நல்ல தீவனம் கிடைத்தால் இது 6 முதல் 8 மாதங்களில் 70 கிலோவைத் தாண்டும். அதே வயதில் நாட்டுப் பன்றி அதில் பாதி எடையை எட்டுவதே அரிது. ஆனால் நாட்டுப் பன்றி வெப்பத்தையும் குறைந்த தீவனத்தையும் தாங்கும். இவ்விரு இயல்புகளையும் இணைக்கவே கலப்பினங்கள் உருவாக்கப்பட்டன. காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்பினத்தில் முக்கால் பங்கு யார்க்சயர், கால் பங்கு நாட்டு இனம் ஆகும்.

திப்பியும் புரதக் குறையும்

சேலத்தில் 1943ஆம் ஆண்டளவில் மாணிக்கம் செட்டியார், பொபட்லால் ஷா ஆகியோர் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினர். பின்னர் சேகோ ஆலைகள் ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களிலும் பெருகின. மாவு எடுத்தபின் எஞ்சும் திப்பி மலிவான தீவனமாயிற்று. அதில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ 2 முதல் 3 விழுக்காடு மட்டுமே.

வளரும் பன்றிக்கான தீவனத்தில் சுமார் 16 விழுக்காடு புரதம் வேண்டும். 100 கிலோ தீவனத்தில் 50 கிலோ திப்பி சேர்த்தால், அதிலிருந்து கிடைக்கும் புரதம் ஏறக்குறைய ஒரு கிலோதான். மீதி 15 கிலோவை மற்ற 50 கிலோ தர வேண்டும். சுமார் 9 விழுக்காடு புரதமுள்ள மக்காச்சோளத்தால் இது இயலாது, புண்ணாக்கு அவசியம்.

புரதத்தின் அளவு மட்டும் போதாது. வளர்ச்சிக்கு லைசின் என்னும் அமினோ அமிலம் தேவை என்பதை 1914இல் அமெரிக்காவின் ஆஸ்போர்ன், மெண்டல் ஆகியோர் எலிகளைக் கொண்டு காட்டினர். தானியத் தீவனம் உண்ணும் பன்றிக்கு முதலில் குறைபடுவதும் இதுவே. கடலைப் புண்ணாக்கில் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் அக்குறையை நிரப்புகின்றன.

இன்றைய நிலை

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் பெருகியதால் மக்காச்சோளமும் சோயாவும் அப்பகுதியின் வழக்கமான தீவனச் சரக்குகளாயின. 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. எனினும் புண்ணாக்கின் விலையே சிறு வளர்ப்போருக்குத் தடையாக உள்ளது. செலவைக் குறைக்கத் திப்பியை மட்டும் நம்பினால், விலை கொடுத்து வாங்கிய வெண்பன்றியும் இறைச்சி பிடிக்காமல் கொழுப்பே சேர்க்கும். விற்பனை எடைக்கு வர மாதங்கள் கூடும். புரதத் தீவனத்துக்கு வழியில்லாத இடத்தில் தூய வெண்பன்றியைவிடக் கலப்பினமே வளர்ப்போருக்குப் பொருத்தமானது.