இயந்திரப் பழுதறிதலும் தொழிலாளரின் அனுபவ அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

இயந்திரப் பழுதுகளைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு, கணனியியலின் தனிச்சாதனையாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றது. ஆயின் அவ்வறிவு யாரிடமிருந்து பெறப்பட்டது, யாருடைய உடைமையாயிற்று என்பன வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினாக்களாகும். இவற்றுக்கு விடைகாண உதவும் ஓர் உதாரணத்தை ஐக்கிய அமெரிக்காவின் புகையிரதத் தொழிற்றுறையில் நாம் காண்கிறோம்.

1980களின் தொடக்கத்தில், ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் டீசல்-மின் எஞ்சின்களிலே தோன்றிய சிக்கலான பழுதுகளைத் தீர்ப்பதற்கு, ஏறத்தாழ நாற்பதாண்டு அனுபவமுடைய ஒரு பொறியியலாளரையே அக்கம்பனி பெரிதும் நம்பியிருந்தது. அவரோ ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர் பழுதறியும் முறையை வினவி அறிந்து, இன்ன அறிகுறி தோன்றின் இன்ன பகுதியைச் சோதிக்க என்னும் வடிவில் விதிகளாக்கும் முயற்சி 1981இல் தொடங்கிற்று. 1983 அளவில் விதிகள் ஏறத்தாழ 530 ஆயின. ‘டெல்டா’ எனப் பெயர்பெற்ற அம்முறைமை, பணிமனைத் தொழிலாளியிடம் ஒவ்வொரு வினாவாகக் கேட்டு, வரைபடங்களையும் காட்டி அவரைப் பழுதினிடத்துக்கு இட்டுச் சென்றது. கம்பெல் சூப் கம்பனியும் 1980களின் நடுப்பகுதியில், தகரத்திலடைத்த உணவைக் கிருமியழிக்கும் இயந்திரங்களை நன்கறிந்த ஒரு மூத்த ஊழியரின் அறிவை 151 விதிகளாக்கிற்று.

இவற்றின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. தொலைவிலுள்ள பணிமனைத் தொழிலாளிக்கும் தேர்ந்த ஒருவரின் வழிகாட்டல் கிட்டிற்று. எனினும், தொழிலாளரிடம் மரபாக இருந்துவந்த அறிவை நிருவாகம் திரட்டி விதிகளாக்க வேண்டும் என 1911இலேயே பிரெடெரிக் டெய்லர் வற்புறுத்தியிருந்தார். டெய்லரின் காலத்தில் அப்பணிக்கு நிறுத்தற் கடிகாரம் உதவிற்று. எண்பதுகளில் கணனி உதவிற்று.

அடுத்த கட்டத்தில், விதிகளை எழுதும் வேலையே குறைந்தது. ‘பெயாரிங்’ எனப்படும் போதிகையில் வெடிப்பு ஏற்படின், உருளும் குண்டுகள் அதனைக் கடக்குந்தோறும் ஓர் அதிர்வு எழுகின்றது. உட்புற வளையத்தின் பழுதும் வெளிப்புற வளையத்தின் பழுதும் வெவ்வேறு அதிர்வெண்களைத் தருவன. இவ்வேறுபாட்டை இன்றைய கணனிகள் பதிவுகளிலிருந்து தாமே கற்கின்றன. எனவே மனித அனுபவம் தேவையற்றதாயிற்று எனச் சிலர் கருதுவர். ஆயின் எந்தப் பதிவு எந்தப் பழுதுக்குரியது என முதலில் ஒருவர் பெயரிட்டிருத்தல் வேண்டும். ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்தும் கேஸ் வெஸ்டேர்ன் றிசேர்வ் பல்கலைக்கழகத்தின் பதிவுகளில் உள்ளவை, 0.007 அங்குலம் முதலான அளவுகளில் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட பழுதுகளே. தொழிற்சாலையில் இயல்பாகத் தோன்றும் பழுதுகளுக்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் போதிகையைக் கழற்றிப் பார்க்கும் தொழிலாளரே. முதற்கட்டத்தில் அறிவளித்தவர் யாரென்பதாவது தெரிந்திருந்தது. இரண்டாங் கட்டத்தில் அவர்கள் தரவுகளுள் மறைந்துவிடுகின்றனர்.

இம்மறைவின் விளைவு நியாயம் பற்றியது மட்டுமன்று. இயந்திரங்கள் மாறுந்தோறும் புதிய பழுதுகள் தோன்றும். பழைய பதிவுகளில் அவற்றுக்குப் பெயரில்லை. அவற்றை இனங்காணவல்லவர் பயிலுநராகச் சேர்ந்து, பணிமனையிலே பல்லாண்டு பழகியே உருவாகின்றனர். கணனி இருக்கின்றதென அப்பயிற்சியைக் கைவிடும் தொழிற்றுறை, கணனிக்குக் கற்பிப்போரையே இழந்துவிடும். எனவே, அனுபவ அறிவைத் தொழிலாளரின் பங்களிப்பாக ஏற்று, அதன் பயனில் அவர்களுக்குரிய பங்கினையும் அடுத்த தலைமுறைக்குரிய பயிற்சியையும் உறுதிசெய்தல் இன்றியமையாதது என்பதே நாம் வந்தடையும் முடிவாகும்.