நிலம் போன பிறகு வரும் சட்டம்

நெய்வேலியைச் சுற்றியுள்ள விவசாயிகளைப் பற்றி வெளியூரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்பது ஒன்று. கூடுதல் பணத்துக்காகப் போராடுகிறார்கள் என்பது மற்றொன்று. எழுபது ஆண்டுகளை நெருங்கும் சுரங்க வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை. இந்த மண்ணின் விவசாயி சட்டத்தை வெறுப்பவரும் அல்ல, சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பவரும் அல்ல. ஒரு புதிய சட்டம் வந்தால் அவர் முதலில் பார்ப்பது அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைத்தான். தேதியைப் பார்க்கும் அந்தப் பழக்கம் பட்டறிவால் வந்தது. நிலத்தைக் காக்கும் சட்டங்கள் இங்கே பெரும்பாலும் நிலம் போன பிறகே வந்திருக்கின்றன.

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது என்பதுதான் நெய்வேலிக் கதையின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பிறகு நிலத்தைக் கொடுத்தவர்களில் அவரே முன்னால் நின்றார். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது, 1962இல் மின்சாரம் வந்தது. அப்போது நிலம் எடுக்கக் கையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம். 'பொதுக் காரியம்' என்று அரசு சொன்னால் போதும். மறுகுடியமர்வு என்ற உரிமையே அதில் கிடையாது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. இரண்டும் வருவதற்குள் முதல் சுரங்கம் ஒரு தலைமுறையை விழுங்கியிருந்தது. அந்தத் தலைமுறை பெரும் எதிர்ப்பில்லாமல் நிலத்தைக் கொடுத்தது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புது நாட்டின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கை அது.

சட்டம் கண்டுகொள்ளாத பெரிய விஷயம் தண்ணீர். நெய்வேலியின் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும் மல்லாட்டையும் விளையும். தெற்கே சேத்தியாத்தோப்பை நோக்கி இறங்க இறங்க மண் கறுத்து நெல் வயலாகிறது. நடுவே பரவனாறு ஓடி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போகிறது. இந்த மேடு பள்ளத்தைப் பார்த்துத்தான் ஊர்கள் ஏரி வெட்டின, மதகு வைத்தன, முறை போட்டு நீர் பாய்ச்சின. சுற்றுச்சூழல் கொள்கை என்று இன்று நாம் எழுதி வைப்பதை அவர்கள் மடையிலும் வரப்பிலும் செய்து வந்தார்கள். ஆனால் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட ஊற்று நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றியதும் அந்த நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பொங்கிவிடும். அதைத் தடுக்கச் சுரங்கத்தில் பம்புகள் இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் வெளியே வருகிறது. நிலம் எடுக்கும் சட்டம் சர்வே எண்ணைப் பார்த்து இழப்பீடு தருகிறது. ஊற்றுக்குச் சர்வே எண் கிடையாது. சுரங்க எல்லைக்கு வெளியே இருப்பவரின் பட்டா அவரிடமே பத்திரமாக இருக்கும். கிணற்றில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அவர் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வராது.

இறைத்த நீர் வீணாகவில்லையே, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்ப் பல ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறுகிறதே, தூர்ந்து கிடந்த வாலாஜா ஏரியைத் தூர்வாரியதும் நிறுவனம்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், அந்த நீரால் பயிர் வைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களே அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கிணற்றை இழந்தவர் வேறு, வாய்க்கால் நீர் பெறுபவர் வேறு. கிணறு ஒருவரின் உரிமை. சுரங்க நீரோ பம்பு ஓடும் வரைக்கும் கிடைக்கும் தயவு. ஏரியைத் தூர்த்த மண்ணிலும் சுரங்கத்தின் மண்மேட்டிலிருந்து கரைந்து வந்தது உண்டு. அடைமழைக் காலத்தில் இதே சுரங்க நீர் பரவனாற்றில் சேர்ந்து வயல்களை மூழ்கடிக்கிறது என்பது குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் முறையீடு.

சட்டங்களின் தேதிக்கு வருவோம். 1894 சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2013இல் புதிய நிலம் கையகப்படுத்தல் சட்டம் இயற்றியது. 2014 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு, ஊர்க்காரர்களைக் கேட்டறிதல், மறுவாழ்வு எல்லாம் நிலம் எடுக்கும் சட்டத்திலேயே முதன்முறையாக இடம்பெற்றன. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று தனியாக இருந்தது. 2013 சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதற்கு மாநில அரசு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் கொண்டுவந்து பழையதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இதில் விவசாயிக்கு மிஞ்சியது என்ன? இழப்பீட்டுக் கணக்கு புதிய சட்டப்படி கிடைக்கும். எடுப்பதற்கு முன் ஊரைக் கேட்க வேண்டும் என்ற பகுதி மட்டும் கிடைக்காது. பணத்துக்காகப் போராடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேச வேறு இடம் எதையும் விட்டுவைக்காமல் தொகையைப் பற்றி மட்டும் பேசச் சொன்னது சட்டம்தான்.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது காவிரி டெல்டா மகிழ்ந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் இடம்பெற்றன. சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரமும் குறிஞ்சிப்பாடியும் பட்டியலில் இல்லை. அந்தச் சட்டம் தடுப்பதும் புதிய திட்டங்களைத்தான். 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரித் தொகுதியை ஏலத்தில் விட மத்திய அரசு முனைந்தது. முதலமைச்சர் கடிதம் எழுதினார், சில நாளில் அந்தத் தொகுதி ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட மண் அள்ளும் இயந்திரங்கள் பச்சை நெல் வயலுக்குள் இறங்கின. சங்கிலிச் சக்கரம் போன தடத்தில் பயிர் சேற்றோடு சேர்ந்து மடிந்தது. அந்த நிலம் 2006க்கும் 2013க்கும் இடையே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று, பிறகு பயிர் வைத்ததே தவறு, கால்வாய் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சுரங்கமும் ஊர்களும் மூழ்கும் என்று நிறுவனத் தரப்பு சொன்னது. சட்டப்படி அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. ஆனால் பத்தாண்டு காலம் நிலத்தைத் தொடாமல் விட்டவர்களால் அறுவடை வரை பொறுக்க முடியவில்லையா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணியும் அதையே கேட்டார். வடலூர் வள்ளலாரை நினைவுபடுத்தி வருந்தினார். விவசாயிகள் தரப்பிலும் தவறு உண்டு என்றாலும், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

நாடு முழுக்க விளக்கு எரிய யாராவது நிலம் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்பது கடைசி வாதம். அதை நான் ஒதுக்கவில்லை. தென்னிந்தியாவே நெய்வேலி மின்சாரத்தால் பயன்பெற்றது. ஆனால் அந்தப் பொதுக் காரியம் முடிந்த பிறகு நிலம் யாருக்கு? முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டுவிட்டது. எடுத்த நிலம் ஐந்து ஆண்டு பயன்படாமல் கிடந்தால் உடையவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்பிப் போக வேண்டும் என்று 2013 சட்டத்தின் 101ஆம் பிரிவு சொல்கிறது. 1957இல் நிலம் கொடுத்தவரின் பேரன் அந்தப் பிரிவைக் காட்டிக் கேட்டால், உங்கள் நிலம் இந்தச் சட்டத்தின் கீழ் எடுத்ததல்ல என்ற பதில்தான் அவருக்குக் கிடைக்கும்.