எல்லையில் இரு ஏவல்கள்

போடிநாயக்கனூரிலிருந்து மூணாற்றுக்கு மலையேறும் சாலை போடிமெட்டில் தமிழகத்தை விட்டுக் கேரளத்துள் புகுகிறது. தமிழ் அறிவிப்புப் பலகைகள் ‘கவனிக்கவும்’ எனக் கூறுவது வழக்கம்; மலையாளப் பலகைகள் ‘சிரத்திக்குக’ என்னும். இரண்டும் எதிரே வருவோரைப் பணிவுடன் ஏவுவன. பழைய விதிகளைக் கொண்டு அளந்தால் இவை வழுவாகுமோ என்னும் ஐயம் எழுகிறது.

முன்னிற்பவரை ஏவத் தமிழில் ‘வா’, ‘வாரும்’ போன்ற ஏவல் வினைகள் உள்ளன. வாழ்த்தவும் வேண்டவும் ‘வாழ்க’, ‘வருக’ என்னும் வியங்கோள் வினைகள் உள்ளன. வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். எனவே ‘அவன் வாழ்க’ என்பது முறை. ‘நீ வாழ்க’ என்பது ஐயத்திற்கு இடமானது.

ஆயினும் சங்கப் புலவர்கள் அரசனை முன்னிலைப்படுத்தியே ‘வாழிய’ என வாழ்த்தினர். உரையாசிரியர்கள் அதனைக் குற்றமெனத் தள்ளவில்லை; சிறுபான்மை வருமென அமைத்துக்கொண்டனர். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் வியங்கோள் உரியதென விதித்தார். வழக்கு முன்னே சென்றது. விதி பின்னே வந்தது.

நன்னூல் சுட்டிய வியங்கோள் ஈறுகள் க, இய, இயர் என்பன. ‘செய்யவும்’ என்பது அவற்றுள் இல்லை. எனினும் இன்று விண்ணப்பப் படிவம் முதல் சாலைப் பலகை வரை ஆள் குறியாது வேண்டும் இடமெல்லாம் அதுவே ஆட்சி செய்கிறது. மலையாளத்திலோ வினைமுற்று, இடமும் பாலும் காட்டும் ஈறுகளை இழந்தது. ‘வரிக’ போன்ற ககர ஈற்று வடிவம் முன்னிலை ஏவலாகவே நிலைத்தது. தொல்காப்பியர் இடமளிக்கத் தயங்கிய முன்னிலையில், மலைக்கு மேற்கே அது குடிகொண்டுவிட்டது.

அதனால் எதுவும் இலக்கணமே என்று கொள்ளலாகாது. ‘நீங்கள் வா’ என்பதில் பன்மையும் ஒருமையும் முரண்படுகின்றன. அதை ஏற்கும் வழக்கு எதுவும் இல்லை. ஒரு வடிவம் நூலில் இல்லாமை வேறு. மொழியில் இல்லாமை வேறு.

ஏலத்தோட்டங்களில் இரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளையின் சொல்லை அளக்கும்போது இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. பழையன நீங்குதலும் புதியன சேர்தலும் குற்றமல்ல என்பதை நன்னூலே தன் இறுதியில் ஒப்புக்கொள்கிறது. சிவப்பு மையால் கோடிடுமுன், அச்சொல்லை வழங்குவோர் யாவர், எங்ஙனம் வழங்குகின்றனர் என்று நாம் கேட்டறிதல் வேண்டும்.