கட்டணமில்லாக் கல்விச்சாலை

நாஞ்சில் நாட்டிலே, சுசீந்திரத்துக்கு அண்மையில், தேரூர் என்றோர் ஊர் உண்டு. 1876ஆம் ஆண்டில் அவ்வூரிலே தோன்றிய தேசிகவிநாயகம் பிள்ளை ஆசிரியராய்ப் பணியாற்றி, குழந்தைகளின் நாவிலே எளிதாய் நிற்கும் பாடல்களை இயற்றித் தந்தார். கவிமணி என்று தமிழகம் போற்றும் அப்பெரியாரின் பாடல்களைக் கற்பித்தே நானும் முப்பதாண்டுகள் தமிழாசிரியனாய்க் காலங்கழித்தேன். அந்நாளிலே நூல் கிடைப்பதே அரிது; ஒரு நூலைச் சுற்றி நான்கு பிள்ளைகள் அமர்ந்து படித்ததை நான் கண்டிருக்கிறேன்.

இன்று என் பேத்தி ஜெர்மனியிலே வளர்கிறாள், வயது எட்டு. தொலைபேசியில் 'பாட்டா' என்று அழைப்பாள். அதற்குமேல் தமிழ் வாராது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ள இயலாமற் போய்விடுமோ என்னும் கவலையே, முதுமையிலே என்னைக் கணினியின் முன் அமர்த்தியது.

அங்கே நான் கண்டது பெரும் வியப்பு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளிலே, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கலியாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' என்பதனைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றி நூல்களைத் தட்டெழுதிப் பிழைதிருத்தி இணையத்திலே ஏற்றினர். எங்கள் கவிமணியின் 'மலரும் மாலையும்' அத்தொகுப்பிலே இருக்கக் கண்டு என் உள்ளம் பூரித்தது.

1999இல் சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாக, 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் என்பது அதன் இற்றைப் பெயர். மழலையர்க்கான பாட்டும் கதையும் முதற்கொண்டு பட்டப் பாடங்கள்வரை அங்கே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையும் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலே காசின்றிப் புரட்டலாம். தொடக்க நாளிலே ஒருவர் கணினியில் எழுதிய தமிழ் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறி முறை பரவிய பின்னரே அவ்விடர் நீங்கியது.

இத்துணைச் செல்வத்தையும் கண்ட நான் ஒரு பிழை செய்தேன். பாடங்கள் இருபதனை ஒருங்கே திரட்டிப் பேத்திக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே அவள் திரையை மூடிவிட்டாள். பசித்த பிள்ளைக்கு ஒரு கவளம் ஊட்டாமல், நெற்களஞ்சியத்தின் திறவுகோலைக் கொடுத்தவன் ஆனேன்! தேடிக் கண்டடைவது ஒன்று, கற்பிப்பது வேறொன்று என்பதனை, முப்பதாண்டு ஆசிரியனாய் இருந்தும் மறந்தேன்.

பின்னர் முறையை மாற்றினேன். நாளுக்கு ஒரு பாட்டு. அதிலே ஓர் ஒலி, ஒரு சொல். முதலில் நான் கேட்பேன். வயதுக்குப் பொருந்துமா, உச்சரிப்புத் திருத்தமா என்று ஆராய்வேன். பின்பு இருவரும் ஒன்றாய்க் கேட்போம். அவள் சொல்வாள், நான் திருத்துவேன். அகராதி எனக்கு, பாட்டு அவளுக்கு. வாழை, பழம், மழை என்று ழகரம் அவள் நாவிலே படிய ஒரு திங்கள் ஆயிற்று.

அன்பர்களே, ஊர் பேர் அறியாத பலர் கூலி கருதாது இணையத்திலே நட்ட மரத்தின் கனி நம் அனைவர்க்கும் பொது. ஆயினும் கனியைப் பறித்து, பிள்ளையின் கையிலே கொடுக்க ஒருவர் வேண்டும். அது வீட்டுப் பெரியோர் கடன்.

சென்ற ஐப்பசியிலே ஒரு மாலை அவளே அழைத்தாள். "பாட்டா, அங்கே மழை பெய்யுதா?" என்றாள். ழகரம் பிழையின்றி ஒலித்தது. வெளியே நல்ல மழைதான்.