இறுதிக்கால விருப்பமும் நம் சொற்களும்: பேராக் தமிழரை முன்வைத்து ஒரு நோக்கு

தீரா நோயுற்ற ஒருவர், தெளிந்த மனத்தோடு, தம் வாழ்வை முடித்துக்கொள்ள மருத்துவரின் உதவியை நாடலாமா என்னும் வினா பல நாட்டுச் சட்டமன்றங்களில் எழுந்துள்ளது. ஓரிகன் மாநிலத்தில் 1997இலும், நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002இலும், கனடாவில் 2016இலும் இது சட்ட வரம்புக்குள் வந்தது. தமிழில் இதனைப் பேச முற்படுவோர் முதலடியிலேயே இடறுகின்றனர். நோயாளி தாமே மருந்தை உட்கொள்வது, மருத்துவர் மருந்து செலுத்துவது, பயனற்ற செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது ஆகிய மூன்றையும் ‘கருணைக்கொலை’ என்னும் ஒரே சொல் சுமக்கின்றது. ‘கொலை’ என முடியும் சொல்லைக் கொண்டு நடுநிலையாக விவாதிப்பது எங்ஙனம்?

பழந்தமிழரின் வடக்கிருத்தலை இதற்கு முன்னோடியாகக் காட்டுவாருண்டு. நாம் அதனை ஏற்கத் தயங்குகின்றோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மக்களோடு நேர்ந்த பகையினால். பிசிராந்தையார் உடனிருந்தது நட்பினால். நோய் அங்கில்லை. சமணரின் சல்லேகனையே இதற்கு நெருங்கிய சான்றாகும். செஞ்சிக்கு அருகேயுள்ள திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைப் பதிவு செய்கின்றது. அருங்கலச்செப்பு தீராத நோயையும் மூப்பையும் இந்நோன்புக்குரிய காரணங்களுள் வைக்கின்றது. நோற்பவரே முடிவு செய்தார், ஊரறியச் செய்தார், கல்லிலும் இடம்பெற்றார். தமிழகத் தென்மாவட்டங்களில் மறைவாக நிகழ்ந்து, 2010இல் பரவலாகப் பேசப்பட்ட தலைக்கூத்தலோ இதற்கு நேர்மாறானது. அங்கு முடிவெடுத்தவர் முதியவர் அல்லர், வீட்டார். இவ்விரண்டையும் ஒரே மரபாகக் கருதுவது பெரும்பிழை.

இவ்வேறுபாடு பேராக் தோட்டத் தமிழரின் வரலாற்றை நோக்குகையில் கூர்மையடைகின்றது. ரப்பர்த் தோட்டங்களில் நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் இடையே நின்றவர் டிரசர். உழைக்கும் உடலைப் பால்மரத்துக்குத் திருப்பியனுப்புவதே தோட்ட மருத்துவத்தின் முதல் நோக்கம். உழைக்க இயலாதோரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பும் செலவை, 1907இல் அமைந்த குடிநுழைவுக் குழுவின் நிதி ஏற்றது. ஒருவர் எங்கே இறப்பது என்பதும் ஓரளவு அவரது உழைப்புத் திறனைப் பொறுத்தே அமைந்தது எனலாம். இறுதிக்காலத்தில் அவரது விருப்பம் கேட்கப்படவேயில்லை. விருப்பமே கேட்கப்படாத ஒரு சமூகத்திடம், ‘இறப்பைத் தேர்ந்துகொள்ளும் உரிமை’ என்று திடீரெனப் பேசினால் அச்சமே எழும். அவ்வச்சத்தை அறியாமை என ஒதுக்க நாம் உடன்படவில்லை.

சட்டநிலை சுருக்கமானது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்ததே மலேசியத் தண்டனைச் சட்டம். இந்தியாவில் மூலச்சட்டம் 2024 ஜூலையில் நீங்கிவிட்டது. அதன் எண்களோ இங்கே நிலைத்துள்ளன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. தற்கொலைக்கு உடந்தையாதலைத் தண்டிக்கும் 306ஆம் பிரிவு தொடர்கின்றது. ஆகவே இறப்பதற்கென மருந்தளிக்கும் மருத்துவர் குற்றவாளியே. இறப்பவர் பதினெட்டு வயதைக் கடந்து இசைந்திருப்பின், 300ஆம் பிரிவின் ஐந்தாம் விதிவிலக்கு அக்குற்றத்தைக் கொலை என்னும் நிலையிலிருந்து இறக்குமேயன்றி விடுவிக்காது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வாழ்நாள் உயிலை ஏற்று, உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்த வழிவகுத்தது. மலேசியாவில் அத்தகைய தனிச்சட்டம் இயற்றப்படவில்லை.

நடைமுறையில் நோயாளிக்குக் கிட்டக்கூடியது வலிதணிப்பே. மலேசிய ஹோஸ்பிஸ் அமைப்பு 1991இல் தோன்றியது. ஈப்போவில் பேராக் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் நோயாளிகளின் இல்லங்களுக்கே செல்கின்றது. தேசிய நோய்த்தணிப்புக் கொள்கை 2019 முதல் 2030 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்டுள்ளது. ‘சாக வேண்டும்’ என்னும் கோரிக்கைகள் பலவற்றின் பின்னே தணிக்கப்படாத வலியோ, பிறருக்குச் சுமையாவோம் என்னும் கவலையோ இருக்கக்கூடும். அனைத்தும் அவ்வாறே என்று கூறுவதற்கில்லை. வலி தணிந்த பின்னரும் அதே கோரிக்கையில் நிற்பவருக்கு மறுமொழி கூறும் கடமை சட்டத்துக்கு உண்டு.

ஆயினும் அக்கோரிக்கையின் பொருளை அறிய மொழி வேண்டும். வலியைச் சுழியம் முதல் பத்து வரையிலான எண்ணால் கூறும்படி மருத்துவமனையில் கேட்கின்றனர். தோட்டத்தில் வாழ்ந்து புந்தோங்கில் குடியேறிய மூதாட்டிக்கு வலி எண் அன்று. குடைச்சல், குத்தல், கடுப்பு, எரிச்சல் எனத் தனித்தனியே பெயருடையது. அச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இணையான சொற்களை வழங்கும் பட்டியல் ஒன்றை மருத்துவரும் தமிழாசிரியரும் கூடியிருந்து உருவாக்க இயலும்.