ஹெரால்டும் அதன் பந்தயத் தம்பியும்

டிரையம்ப், மார்கன், எம்.ஜி. என்ற பெயர்களை ஆங்கில நாவல்களின் வழியே அறிந்தவர்கள் நம்மில் பலர். அந்த இரட்டை இருக்கைக் கார்களை ராஜபாளையத்துச் சாலையில் கண்டவர்கள் அரிது. ஆயினும் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காரை நம் தந்தையர் நன்கறிவர்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

1953-இல் பிரிட்டனில் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கூடு கட்டும் நிறுவனத்தை பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்குக் கூடு செய்து தந்தவர்கள் போட்டியாளர் கைக்குப் போயினர். அதனால்தான் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுக்கு, வழக்கொழிந்துகொண்டிருந்த தனிச் சேஸிஸ் அமைந்தது. கூட்டைப் பகுதி பகுதியாகச் செய்து அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு எதிர்பாராத வசதியைத் தந்தது. அதே சேஸிஸை எட்டு அங்குலத்துக்குமேல் குறுக்கி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காரைச் செய்தார்கள்.

மதராஸுக்கு வெளியே வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்ட் உருவாயிற்று. 948 சி.சி. என்ஜின். முன்மூடி முழுவதும் முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி விட்டத்தில் திரும்பிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரை வீதி முனையில் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தவருக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

அங்கே தம்பி குறுகி, கூரையிழந்து, வேகம் தேடினான். இங்கே அண்ணனுக்குக் குடும்பம் பெருத்தது. பிரிட்டனில் ஒருபோதும் வராத நான்கு கதவு ஹெரால்ட் 1960-களின் பிற்பகுதியில் இங்கே வந்தது. தனித்தனியே அசையும் பின்சக்கரங்கள் வளைவில் உள்வாங்கும் என்பது ஸ்பிட்ஃபயர் ஓட்டியவர்களும் அறிந்த குறை. 1972-இல் வந்த கெஸல் அந்த அமைப்பையே விட்டு, லாரிக்கு உள்ளதுபோல் நேர் ஆக்ஸிலுக்கு மாறியது. பாட்டியும் பேரனும் மூட்டையுமாகப் போகிற வண்டிக்கு அதுவே தகும் என்பேன். இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்த அந்நாளில், வேகத்துக்கென்று ஒரு கார் வாங்குவது நடுத்தர வர்க்கத்தின் கனவிலும் இல்லை.

இதைவிட விசித்திரமானது ஸ்டாண்டர்ட் 2000-இன் கதை. பிரிட்டனில் 1976-இல் மூன்றரை லிட்டர் எட்டு சிலிண்டர் என்ஜினோடு வெளிவந்த ரோவரின் கூடு, 1985-இல் மதராஸில் உருப்பெற்றது. உள்ளே வைத்ததோ 1940-களின் வான்கார்ட் காரிலிருந்து வந்த பழைய நான்கு சிலிண்டர் என்ஜின், 1991 சி.சி. ஊரார் நகைத்ததில் வியப்பில்லை. பணக்காரச் சட்டைக்குள் பழைய நெஞ்சு. ஆனால் அந்த நெஞ்சின் வரலாற்றை நகைத்தவர்கள் அறிந்திருந்தார்களா என்பது ஐயமே. அதே என்ஜின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது, மார்கனில் ஓடியது, இதே 1991 சி.சி. அளவில் டிரையம்ப் டி.ஆர்.2-இல் 90 குதிரைத்திறன் தந்தது. 1953-இல் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில் டி.ஆர்.2 மணிக்கு 120 மைலைத் தாண்டியது.

மதராஸ் ரோவரில் அது தந்தது 83 குதிரைத்திறன். 1988-இல் உற்பத்தி நின்றுபோயிற்று.